கழித்தல் 60, கூட்டல் 80

சைக்கிள் ஃபிரேம் செய்யும் நிறுவனங்கள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஓர் அளவுப் பட்டியல் தருகின்றன. குழாய்களின் நீளம், முன்பக்கக் கோணம், இரு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் என்று பத்துப் பதினைந்து எண்கள் அதில் இருக்கும். பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துபோகும் எண் ஒன்று அந்தக் கூட்டத்தில் உண்டு. முன்சக்கர அச்சிலிருந்து பின்சக்கர அச்சுக்கு ஒரு நேர்கோடு இழுத்தால், கிராங்க் சுழலும் அச்சு, அதாவது சைக்கிள் கடைகளில் பி.பி. என்று சொல்லும் இடம், அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே அல்லது மேலே இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. சாலையில் ஓடும் சைக்கிள்களில் பி.பி. அந்தக் கோட்டுக்கு 60 அல்லது 70 மி.மீ. கீழே தொங்கும். போட்டிக்கான ட்ரையல்ஸ் சைக்கிளில் அதே பி.பி. கோட்டைத் தாண்டி மேலே ஏறி, 80 மி.மீ. உயரம் வரைகூட நிற்கும்.

ட்ரையல்ஸ் ஃபிரேம் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எடை. அடுத்தது அலுமினியமா, எஃகா என்பது. இந்த இரண்டுக்கும் முன்னால் பி.பி. உயரத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உடல் எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்பதை அந்த ஓர் எண் தீர்மானித்துவிடுகிறது. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

விளையாட்டைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும். ட்ரையல்ஸ் போட்டியில் வேகத்துக்கு வேலையில்லை. பாறைகள், வெட்டிப்போட்ட அடிமரங்கள், கான்கிரீட் குழாய்கள், அடுக்கிவைத்த மரப்பெட்டிகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு தடம் அமைத்திருப்பார்கள். கால் தரையில் படாமல் அதைக் கடக்க வேண்டும். உலகச் சைக்கிள் விளையாட்டு அமைப்பான யூ.சி.ஐ.யின் போட்டிகளில் ஒரு தடத்துக்கு 2 நிமிடம். ஓட்டுபவர் ஒரு பாறையின் விளிம்பில் வந்து நிற்பார். பிரேக்கை அழுத்திப் பிடித்து, முன்சக்கரத்தைத் தூக்கி, பின்சக்கரத்தின் மீது மட்டும் நின்றபடி இரண்டு மூன்று முறை துள்ளி இடம் சரிசெய்துகொள்வார். பிறகு ஒரே உந்தலில் எதிரே உள்ள பாறைக்குப் பறப்பார், அங்கும் பின்சக்கரத்தில்தான் இறங்குவார். ஓடிவந்து தாவுவதற்கு இடமே இருக்காது. நின்ற நிலையிலிருந்து, தன் இடுப்புக்கும் மேலான மேடையில் ஏறுவார்.

இந்த சைக்கிளில் சீட் கிடையாது. இருந்தால் துள்ளும்போது உடலில் இடிக்கும் என்பதால் போட்டி ஃபிரேம்களில் சீட் மாட்டுவதற்கான குழாயே வைப்பதில்லை. சாதாரண சைக்கிளின் வடிவமோ முழுக்க முழுக்க சீட்டைச் சுற்றிப் பிறந்தது. 1885-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிளுக்குப் பிறகு, அடுத்த சில ஆண்டுகளில் நிலைபெற்ற அந்த நாற்கோண ஃபிரேம், உட்கார்ந்து மிதிப்பவரின் இடுப்பு, பாதம், கை ஆகிய மூன்றுக்கும் இடம் ஒதுக்கும் ஏற்பாடு. உட்காருவதே இல்லை என்று முடிவு செய்துவிட்டால் அந்த வடிவத்துக்குக் கட்டுப்பட வேண்டிய அவசியம் பாதி போய்விடுகிறது.

அந்த விடுதலையை முதலில் பயன்படுத்தியவர்கள் கட்டலோனியர்கள். பார்சிலோனாவில் 1945-இல் தொடங்கிய மொன்டேசா மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் பெரே பி என்ற பந்தய வீரர் இருந்தார். மோட்டார் சைக்கிளில் பாறைகளைக் கடக்கும் ட்ரையல் விளையாட்டு அப்போது ஸ்பெயினில் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. அவருடைய மகன் ஓட் பி சிறுவன். அப்பா செய்வதையெல்லாம் தானும் செய்ய விரும்பினான். 1970-களில் பெரே பி, என்ஜின் இல்லாமல் அதே வித்தைகளைச் செய்யக்கூடிய சிறுவர் சைக்கிள் ஒன்றை உருவாக்க, மொன்டேசா அதை மொன்டெசிடா என்ற பெயரில் விற்றது. பெரே பி பின்னர் மோன்ட்டி என்ற தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். ஓட் பி வளர்ந்து உலகப் பட்டங்கள் வென்றார். போட்டிகளில் இன்றும் 20 அங்குலச் சக்கரத்துக்குத் தனிப் பிரிவு இருப்பதற்கு வேர் அந்தச் சிறுவர் சைக்கிளில் இருக்கிறது.

இனி ஃபிரேமுக்கு வருவோம். குழாய்களை மறந்துவிட்டுப் பார்த்தால், ஃபிரேம் செய்கிற வேலை நான்கு புள்ளிகளை அதனதன் இடத்தில் பிடித்துவைப்பதுதான்: பின் அச்சு, முன் அச்சு, பி.பி., கைப்பிடி. கால்கள் பி.பி.யின் இரு பக்கமும் நிற்கின்றன. கைகள் நான்காவது புள்ளியைப் பிடித்திருக்கின்றன. பின்சக்கரத்தில் நிற்கும்போது முன் அச்சு காற்றில் இருக்கும் வெறும் எடை. அப்போது உடலின் எடைமையம் பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே இருந்தாக வேண்டும். கொஞ்சம் முன்னே போனால் முன்சக்கரம் விழும், பின்னே போனால் ஓட்டுபவர் விழுவார்.

பி.பி.யின் உயரம் இங்கேதான் நுழைகிறது. கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பி.பி.யிலிருந்து பின் அச்சு வரை 380 மி.மீ. நீளமுள்ள இரண்டு ஃபிரேம்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் பி.பி. கோட்டுக்கு 60 மி.மீ. கீழே, மற்றதில் 80 மி.மீ. மேலே. இரண்டையும் பின் அச்சை மையமாக வைத்து 45 டிகிரி தூக்குவோம். முதல் ஃபிரேமில் பி.பி., பின் அச்சுக்கு 308 மி.மீ. முன்னால் நிற்கும். இரண்டாவதில் 206 மி.மீ. மட்டுமே முன்னால் இருக்கும். இரண்டுக்கும் 10 செ.மீ. வித்தியாசம். முதல் ஃபிரேமில் நிற்பவர் பாதங்கள் அவ்வளவு முன்னே இருப்பதால், உடலைப் பின்னுக்குத் தள்ளி, கைப்பிடியில் தொங்கிக்கொண்டுதான் சமநிலையைப் பிடிக்க முடியும். இரண்டாவது ஃபிரேமில் நிற்பவரின் கால்கள் ஏறத்தாழச் சக்கரத்துக்கு மேலேயே வந்துவிடுகின்றன. தரையில் குந்தி எழுந்து குதிக்கிறவருக்குக் கிடைக்கும் நிலை அவருக்குக் கிடைக்கிறது. தொங்கிக்கொண்டிருக்கும் கால்களுக்கு உந்தச் சக்தி ஏது? நிமிர்ந்து நிற்கும் கால்கள் முழு விசையையும் கீழ்நோக்கிச் செலுத்துகின்றன.

எடைமையம் உயர்ந்தால் சாய்வது மெதுவாகும், அதனால்தான் பி.பி.யை உயர்த்துகிறார்கள் என்று சிலர் விளக்குவதுண்டு. உள்ளங்கையில் பென்சிலை நிறுத்துவதைவிடச் சிலம்பக் கம்பை நிறுத்துவது எளிது என்கிற அதே இயற்பியல்தான், கொள்கை சரி. ஆனால் சாயும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஓட்டுபவரின் எடைமையம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேலே இருக்கும்போது, அதை 5 செ.மீ. கூட்டினால் கிடைக்கும் கூடுதல் அவகாசம் 2 அல்லது 2.5 சதவீதம். உணரக்கூட முடியாத அளவு. பலன் உயரத்திலிருந்து வரவில்லை, கால்கள் பின்னே நகர்வதிலிருந்து வருகிறது. 2000-களின் தொடக்கத்தில் 26 அங்குல ஃபிரேம்களில் பி.பி. கோட்டை ஒட்டியே இருந்தது. பின்சக்கரத்தில் நின்றபடியே தடம் முழுவதையும் கடக்கும் பாணி வலுக்க வலுக்க அதுவும் மேலே ஏறிக்கொண்டே வந்தது.

அப்படியானால் எல்லாரும் உயரமான பி.பி.யை வாங்கிவிடலாமே என்றால், கூடாது. 2009 ஏப்ரலில் ஐந்தரை நிமிட வீடியோ ஒன்று வெளியானது. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலிருந்து எடின்பரோ நகருக்கு வந்து சைக்கிள் கடையில் மெக்கானிக்காக வேலை பார்த்த டேனி மெக்காஸ்கில் அதில் ஓட்டுகிறார். ஈட்டிமுனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு வேலியின் மேல் சைக்கிளை ஓட்டுகிறார், மரத்தில் ஏறித் திரும்புகிறார், கூரையிலிருந்து கூரைக்குத் தாவுகிறார். ட்ரையல்ஸ் என்ற சொல்லையே கேள்விப்படாத கோடிக்கணக்கானவர்கள் அதைப் பார்த்தார்கள். அவர் ஓட்டியது இன்ஸ்பயர்ட் நிறுவனத்தின் 24 அங்குல ஃபிரேம். அந்த வகைத் தெரு ஃபிரேம்களில் பி.பி. கோட்டை ஒட்டியோ சற்றே மேலேயோதான் இருக்கும். காரணம், தெருவில் ஓட்டுபவர் நின்ற இடத்தில் துள்ளுவதோடு நிற்பதில்லை. வேகமாக வருகிறார், காற்றில் சுழல்கிறார், முன்சக்கரத்தைத் தூக்கியபடி மிதிக்காமலே உருண்டு போகிறார். இதற்கெல்லாம் உடல் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே தாழ்ந்து அமைந்திருக்க வேண்டும். 80 மி.மீ. உயரத்தில் நின்றுகொண்டு வேகமாக ஓட்டினால் சைக்கிள் காலுக்குக் கீழே தனியாக ஆடுவதுபோல இருக்கும். தரையிறங்கும்போது முன்னே கவிழப் பார்க்கும். பாறைகளில் ஏறவா, தெருவில் விளையாடவா என்பதை முடிவு செய்யாமல் ஃபிரேம் தேடுவதில் பயனில்லை.

மற்ற அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரு அச்சுகளின் இடைத்தூரம் 26 அங்குலப் போட்டி ஃபிரேம்களில் 1,060 முதல் 1,100 மி.மீ. வரை, 20 அங்குலத்தில் ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும். நீளம் கூடினால் உயரமான தடையில் முன்சக்கரம் எட்டிப் பிடிக்கும். குறைந்தால் குறுகிய கட்டையின் மேல் திரும்புவது எளிது. பி.பி.யிலிருந்து பின் அச்சுக்குப் போகும் குழாய் குட்டையாக இருந்தால் முன்பக்கம் சட்டென்று எழும். அளவுக்கு மீறிக் குட்டையானால் நினைக்காத நேரத்திலும் எழும். உயரமானவர் நீளமான ஃபிரேம் வாங்க வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் அச்சுகளின் இடைத்தூரத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரே இடைத்தூரமுள்ள இரண்டு ஃபிரேம்களில் கைப்பிடி பாதத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது மாறுபடும். உடல் உணர்வது அந்தத் தூரத்தைத்தான். நெஞ்சு மடங்காமல், கை முழுக்க நீளாமல் குந்தி நிற்க முடிகிறதா என்று ஏறி நின்றுதான் பார்க்க வேண்டும்.

முன் ஃபோர்க்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பட்டியலில் உள்ள எண்கள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள ஃபோர்க்கை மாட்டினால்தான் உண்மை. அதைவிட 20 மி.மீ. நீளமான ஃபோர்க்கை மாட்டினால், ஃபிரேம் முழுவதும் பின் அச்சைச் சுற்றி ஏறத்தாழ 1 டிகிரி பின்னே சாயும். முன்பக்கக் கோணம் அந்த 1 டிகிரி குறையும், பி.பி. 7 மி.மீ. மேலே போகும். பழைய ஃபிரேம் வாங்கிக் கையில் கிடைத்த ஃபோர்க்கை மாட்டுகிறவர்கள், தெரியாமலே வேறொரு சைக்கிளைச் செய்துவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் அச்சுக்கு அச்சு நூல் கட்டி, பி.பி.யின் நடுவிலிருந்து நூல் வரை அளந்துவிடலாம்.

சக்கர அளவு பழக்கத்தையும் போட்டிப் பிரிவையும் பொறுத்தது. 26 அங்குலச் சக்கரம் கரடுமுரடான பாறைகளில் எளிதாக உருளும். பெல்ஜியத்தின் கென்னி பெலே போன்றவர்கள் அதில்தான் உலகப் பட்டம் வென்றார்கள். 20 அங்குலச் சைக்கிள் சிறியது, இறுக்கமானது, கைக்கு அடக்கமானது. பெயர் 20 என்றாலும் பின்பக்க ரிம் 19 அங்குலம்தான். அதன்மேல் இரண்டரை அங்குல அகலமுள்ள தடித்த டயரைக் குறைந்த காற்றில் மாட்டுவார்கள். சஸ்பென்ஷன் இல்லாத இந்த வண்டியில் அந்த டயர்தான் சுருள்வில்லாக வேலை செய்கிறது.

இரண்டு வகைச் சைக்கிள்களும் கியரில் ஒன்றுபோலவே வந்து நிற்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 20 அங்குலத்தில் முன்னே 18 பல், பின்னே 12 பல் என்பது வழக்கம். 26 அங்குலத்தில் முன்னே 18, பின்னே 15. சக்கரச் சுற்றளவோடு பெருக்கினால், பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றும்போது இரண்டும் ஏறத்தாழ 2.4, 2.5 மீட்டர் நகர்கின்றன. சாலைச் சைக்கிள் நகரும் தூரத்தில் இது பாதிகூட இல்லை. பின்சக்கரத்தில் நிற்பவர் பிரேக்கை விட்டுப் பெடலைக் கால் சுற்று உதைக்கும் அந்த நொடியில், வண்டி அரை மீட்டருக்குச் சற்று மேல் முன்னே பாய வேண்டும், அதற்குள் கால்கள் நிமிர்ந்து உடல் எழும்பிவிட வேண்டும். மனிதக் காலின் உதைக்கு ஏற்ற தூரம் அதுதான் என்பதை, வெவ்வேறு சக்கரங்களை ஓட்டியவர்கள் அனுபவத்தால் கண்டடைந்திருக்கிறார்கள்.

உதைக்கும் பெடலில் தளர்வு இருக்கவே கூடாது. அதனால் போட்டிச் சைக்கிள்களில், மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தை உருளவிடும் ஃப்ரீவீல் பின்சக்கரத்தில் இருக்காது, கிராங்கிலேயே இருக்கும். ஒரு சுற்றில் 108 இடங்களில் பிடிக்கும் ஃப்ரீவீல் என்றால், 3.3 டிகிரிக்குள் செயின் இழுக்கத் தொடங்கிவிடும். இதைச் சொல்லக் காரணம், இதற்கான இடத்தையும் ஃபிரேம்தான் தர வேண்டும் என்பதுதான். 20 அங்குலப் போட்டி ஃபிரேம்களில் பின் ஹப்பின் அகலம் 116 மி.மீ., 26 அங்குலத்தில் 135 மி.மீ. கையில் இருக்கும் சக்கரம் பொருந்துமா என்று வாங்குமுன் பார்ப்பது நல்லது. பின் பிரேக்கும் அப்படித்தான். ட்ரையல்ஸில் நெடுங்காலமாகப் பிரபலமானது ரிம்மின் இரு பக்கமும் எண்ணெய் அழுத்தத்தால் கட்டைகளை நெருக்கும் பிரேக். ஜெர்மனியின் பாட் உராக் ஊரில் உள்ள மகுரா நிறுவனத்தின் எச்.எஸ்.33 இதில் புகழ்பெற்றது. ஓட்டுபவர்கள் ரிம்மின் பக்கங்களைக் கிரைண்டரால் சொரசொரப்பாக்கிக்கொள்வார்கள். உடல் எடை முழுவதும் ஒரே சக்கரத்தில் நிற்கும்போது அது ஒரு மில்லிமீட்டர்கூட நழுவக் கூடாது. அந்தப் பிரேக் ரிம்மை நெருக்கும் அதே விசையோடு ஃபிரேமின் பின்குழாய்களை வெளியே தள்ளுகிறது. மெல்லிய குழாய்கள் விரிந்துகொடுத்தால் பிடி தளரும். பின்குழாய்களுக்குக் குறுக்கே லாட வடிவத் தகடு வைத்து இறுக்குவது அதனால்தான். டிஸ்க் பிரேக்குக்கான ஃபிரேம் என்றால் விசை முழுவதும் பின் அச்சின் இடப்பக்கம் போய்விடும், அந்த மூலை தடித்திருக்க வேண்டும். எந்தப் பிரேக்குக்குப் பற்றவைத்த ஃபிரேமோ, அந்தப் பிரேக்கைத்தான் அதில் மாட்ட முடியும்.

கடைசியாக உலோகம். எஃகு அலுமினியத்தைப்போல ஏறத்தாழ 3 மடங்கு விறைப்பு, ஏறத்தாழ 3 மடங்கு கனம். எடைக்கு எடை பார்த்தால் இரண்டும் சமம். பிறகு போட்டி ஃபிரேம்கள் எல்லாம் அலுமினியமாக இருப்பானேன்? விடை குழாயின் விட்டத்தில் இருக்கிறது. குழாயின் வளையா உறுதி விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. அதே அளவு உலோகத்தை வைத்துக்கொண்டு விட்டத்தை இரட்டிப்பாக்கிச் சுவரைப் பாதியாக்கினால், எடை மாறாமல் உறுதி 4 மடங்காகிறது. எஃகில் இதைச் செய்தால் சுவர் தகரம்போல மெலிந்து, பாறையில் ஒரு முறை இடித்தாலே நசுங்கும். அலுமினியம் கனமில்லாததால் அகலமான குழாய்க்கும் போதுமான தடிப்பை வைக்க முடிகிறது. முழுச் சைக்கிளும் 7 முதல் 9 கிலோவுக்குள் அடங்குவது இப்படித்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு. எஃகுக்குச் சோர்வு எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குக் கீழான அதிர்வுகளை எத்தனை முறை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. ஒவ்வொரு இறக்கமும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. நன்றாகச் செய்த ஃபிரேமுக்கும் ஆயுள் இருக்கிறது, அதைப் பயன்படுத்தித் தீர்ப்பதே இந்த விளையாட்டின் இயல்பு. அதனால் தொடங்குகிறவர்களுக்கு நான் மிக லேசான ஃபிரேமைச் சொல்ல மாட்டேன். அவர்களுடைய இறக்கங்கள் முரடாக இருக்கும், பாறையில் அடி வாங்கும் எண்ணிக்கையும் அதிகம். தடித்த குழாயும், பி.பி.க்கு அடியில் மாற்றக்கூடிய காப்புத் தகடும், 40 அல்லது 50 மி.மீ. பி.பி. உயரமும் உள்ள ஃபிரேம் அவர்களுக்குப் போதும். தெருவில் ஓட்ட விரும்புகிறவர் 4130 என்ற குரோமியம் மாலிப்டினம் எஃகில் செய்த ஃபிரேமையும் தயங்காமல் வாங்கலாம்.

பழைய ஃபிரேம் வாங்கும்போது வெளிச்சத்தில் வைத்து, அழுக்கைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: முன்குழாயின் அடியில் கீழ்க்குழாய் வந்து சேரும் வெல்டிங், பி.பி.யை ஒட்டிப் பின்குழாய்கள் தொடங்கும் இடம், பிரேக் மாட்டும் காதுகள். வெல்டிங் ஓரமாகப் பெயின்ட்டில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால், நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். நகம் தட்டினால் அது விரிசல். எஃகு ஃபிரேம் என்றால் தேர்ந்த வெல்டரிடம் கொடுத்துச் சரிசெய்யலாம். அலுமினியத்தில் அப்படிச் செய்ய முடியாது. 6061 வகை அலுமினியத்தைப் பற்றவைத்தால் அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. தொழிற்சாலையில் ஃபிரேம் முழுவதையும் 530 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மீண்டும் 170, 180 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்திருந்துதான் அந்த வலிமையை மீட்கிறார்கள். தெருமுனைப் பட்டறையில் அதற்கு வழியில்லை. பற்றவைத்த கோடு உறுதியாகவே இருக்கும், அதன் பக்கத்தில் ஒடியும். ஓட்டுபவர் மேடையின் உச்சியில் நிற்கும்போதே ஒடியலாம். விரிசல் கண்ட அலுமினிய ஃபிரேமைக் கழற்றி, வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட வேண்டும்.